மிஷின் ஹாலுக்கும் மாடி அறைக்கும் ஒரே புளூடூத் ஹெட்செட் போதுமா?

கட்டிங்டேபிள் (திருப்பூர்)

வணக்கம். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. பகல் முழுக்க போன்தான். நிட்டிங், டையிங், பிரிண்டிங், லேபிள் கடை என்று ஒரு நாளைக்கு அறுபது எழுபது கால் வரும். அதில் பாதியைத் தையல் ஹாலில் நின்றுகொண்டுதான் பேசியாக வேண்டும். ஆறு மணிக்கு மேல் வீட்டு மாடி அறையிலிருந்து ஜெர்மனி பையரோடு டீம்ஸில் பேச்சு. அங்கே சத்தமே கிடையாது, பக்கத்து வீட்டு நாயைத் தவிர.

போன வருஷம் காதுக்குள் செருகும் பட்ஸ் ஒன்று வாங்கினேன். டப்பாவில் 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஹாலில் போட்டால் எனக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனால் எதிரில் பேசுகிறவர், "எந்தக் கல்யாண மண்டபத்துல இருக்கீங்க?" என்கிறார். எங்கள் ஹாலில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். என் குரலைவிட அதுதான் தெளிவாகப் போகிறது போல.

போன மாதம் ஒரு கூத்து. ஸ்டைல் எஃப் 214க்குக் காலர் ரிப் துணி ஓட்டச் சொன்னேன். எஸ் 214க்கு ஓட்டிவிட்டார்கள். கேட்டால், "நீங்க எஸ்னுதாங்க சொன்னீங்க" என்கிறார் நிட்டிங்காரர். நாற்பது கிலோ ரிப் இன்னும் குடோன் மூலையில் கிடக்கிறது, தினம் என்னைப் பார்த்துக்கொண்டு.

பட்ஜெட் ஐயாயிரம். இரண்டு இடத்தையும் ஒரே செட்டில் சமாளிக்க வழி உண்டா?

வயர்விசுவாசி (மதுரை)

இருநூறு ரூபாய் வயர் இயர்போன். மைக்கை இரண்டு விரலால் பிடித்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். சார்ஜும் வேண்டாம், பேரிங்கும் வேண்டாம். மீதி காசில் குடும்பத்தோடு பிரியாணி.

கட்டிங்டேபிள்

அண்ணா, ஒரு கையில் சாம்பிள் பீஸ், இன்னொரு கையில் இன்ச் டேப். மைக்கைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். அதோடு என் புதுப் போனில் வயர் செருகும் ஓட்டையே இல்லை.

ஷிப்ட்முடிஞ்சுது (சென்னை)

பதினான்கு வருஷம் கால் சென்டரில் இருந்தேன், அதில் ஆறு வருஷம் டிரெயினர். இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது தம்பி. டப்பாவில் எழுதுகிறவர்கள் அதைத் தெளிவாக்க ஆசைப்படுவதும் இல்லை.

'நாய்ஸ் கேன்சலேஷன்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று ஏஎன்சி. வெளிச் சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உங்கள் காதுக்குள் விட்டு அமுக்குவது. பலன் உங்கள் காதுக்கு மட்டும்தான். எதிரில் இருப்பவருக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனமும் இல்லை. இன்னொன்று இஎன்சி. உங்கள் மைக்கில் விழுவதிலிருந்து குரலைப் பிரித்து அனுப்புவது. உங்கள் புகார் இந்த இரண்டாவதில் இருக்கிறது, நீங்கள் காசு கொடுத்தது முதலாவதுக்கு.

இஎன்சி என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டும் உடனே வாங்கிவிடாதீர்கள். அந்தச் சிப்பு 'இது மனிதக் குரல், இது மற்றது' என்றுதான் பிரிக்கப் பார்க்கும். மிஷின் இரைச்சலை ஓரளவு வெட்டும். பாட்டும் மனிதக் குரல்தானே? அதைக் கேட்டால் சிப்பே தடுமாறும். உங்கள் நிட்டிங்காரருக்குக் கச்சேரி கேட்பது அதனால்தான்.

இதற்கு மருந்து மைக் இருக்கும் தூரம்தான். பட்ஸில் மைக் காது ஓரத்தில் இருக்கிறது, வாயிலிருந்து சுமார் 12 சென்டிமீட்டர். குச்சி நீட்டிய பூம் மைக் என்றால் 3 சென்டிமீட்டர். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் உங்கள் குரல் மைக்கில் 6 டெசிபல் கூடும். 12லிருந்து 6, 6லிருந்து 3, ஆக 12 டெசிபல். பாட்டுப் போடும் ஸ்பீக்கர் எங்கோ சுவரில் இருக்கிறது, அதன் அளவு மாறவே மாறாது. இந்த 12 டெசிபலை எந்தச் சிப்பும் குரலைக் கெடுக்காமல் சம்பாதித்துத் தராது.

பழைய கதை ஒன்று. 1969ல் நிலாவிலிருந்து ஆம்ஸ்ட்ராங் பேசியது பிளான்ட்ரானிக்ஸ் ஹெட்செட் வழியாகத்தான். அந்தக் கம்பெனி பிறகு பாலி என்று பெயர் மாற்றிக்கொண்டு 2022ல் எச்பியிடம் போய்ச் சேர்ந்தது. இத்தனை வருஷமாக விமானி, டெலிபோன் ஆபரேட்டர், கால் சென்டர் பிள்ளைகள் எல்லோருக்கும் வாய்க்குப் பக்கத்தில்தான் மைக் வைத்திருக்கிறார்கள்.

பட்ஸ்பிரியன் (சேலம்)

ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் தினம் டவுன் பஸ்ஸில் பட்ஸ் போட்டுத்தான் பேசுகிறேன். யாரும் எதுவும் சொன்னதில்லை. விலை உயர்ந்த பட்ஸில் எல்லாம் சரியாக இருக்கிறது. குச்சியை நீட்டிக்கொண்டு போனால் கஸ்டமர் கேர் ஆள் மாதிரி இருக்கும்.

ஷிப்ட்முடிஞ்சுது

கஸ்டமர் கேர் ஆள் மாதிரி இருப்பதில் என்ன கேவலம் தம்பி? நான் அப்படித்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

பஸ்ஸில் சரியாக இருப்பதும் நிஜம்தான். பஸ் எஞ்சின் ஒரே சீராக உறுமும், தாழ்ந்த சத்தம். ஏஎன்சி, இஎன்சி இரண்டுக்கும் அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஓவர்லாக் மிஷின் அப்படியா? நிமிடத்துக்கு ஐயாயிரம் தையல், சர்ரென்று நான்கு நொடி, நிற்கும், மறுபடி சர். பக்கத்தில் முப்பது மிஷின் முப்பது விதமாக நின்று நின்று ஓடும். சிப்பு சத்தத்தைக் கற்றுக்கொள்வதற்குள் சத்தம் மாறிவிடும்.

தம்பிசவுண்டு (கோவை)

சவுண்ட் சர்வீஸ், அதோடு ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர். எஃப், எஸ் கதையைப் படித்ததும் கை துறுதுறு என்கிறது, மன்னிக்கவும், கொஞ்சம் நீளும்.

'எஸ்' என்று சொல்லும்போது முதலில் வரும் 'எ' இரண்டுக்கும் பொது. பின்னால் வரும் சீறல்தான் வித்தியாசம். அந்தச் சீறலின் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்சுக்கு மேலேதான் இருக்கிறது. பழைய போன் லைன் கடத்துவது 300லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரை. ஆகவே எஃப்பும் எஸ்ஸும் மொட்டையாகிப் போய்ச் சேரும், கேட்கிறவர் ஊகிக்க வேண்டியதுதான். உங்கள் நிட்டிங்காரர் மேல் தப்பே இல்லை.

"இப்போதெல்லாம் 4ஜி காலில் தெளிவாகத்தானே இருக்கிறது" என்பீர்கள். ஆமாம், அது சுமார் 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்தும். ஆனால் நடுவில் ஹெட்செட் புகுந்தால் அதன் புளூடூத்தும் அந்த அளவுக்கு இருக்க வேண்டும். புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு பாதை, காலுக்கு வேறு பாதை. பாட்டு அமுதமாக இருக்கும் செட் காலில் தகர டப்பாவாக இருப்பதற்கு இதுதான் காரணம். காலுக்கான பாதையின் பெயர் எச்எஃப்பி. பழைய முறை சிவிஎஸ்டி, குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து அனுப்பும். 2011ல் வந்த எச்எஃப்பி 1.6ல் எம்எஸ்பிசி என்ற புது முறை சேர்ந்தது, அது நொடிக்கு 16,000 முறை அளக்கும். இதை 'எச்டி வாய்ஸ்' அல்லது 'வைட்பேண்ட்' என்று டப்பாவில் எழுதுவார்கள். இதைத் தேடிப் பார்த்து வாங்குங்கள். டப்பாவில் பெரிதாக 'புளூடூத் 5.3' என்று இருப்பதை மட்டும் வைத்துக் குரல் நன்றாகப் போகும் என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று, போனை எந்தப் பாக்கெட்டில் வைக்கிறீர்கள்? புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, மனித உடம்பு அதை நன்றாக உறிஞ்சிவிடும். ஹெட்செட் வலது காதில், போன் இடது பின்பாக்கெட்டில் என்றால் அலை உங்களைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். மூடிய அறையில் சுவரில் பட்டுத் திரும்பியாவது வந்துவிடும், திறந்த வெளியில் விட்டு விட்டுக் கேட்கும். சட்டைப் பையிலோ அதே பக்கத்திலோ வையுங்கள்.

செட்டுபுக்கிங் (நாமக்கல்)

லாரி புக்கிங் ஆபீஸ். எங்கள் டிரைவர்களில் மூன்று பேர் புளூபேரட் என்கிற தலைப்பட்டை மாடல் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டிரக் ஓட்டுகிறவர்களை நினைத்தே செய்தது, ஜாப்ரா ஹெட்செட்டுகளின் தாய்க் கம்பெனியான டென்மார்க்கின் ஜிஎன் கையில் இருக்கிறது. ஒரு காது மட்டும், தடிமனான குச்சி மைக், நுனியில் பஞ்சு. ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தாலும் ஆபீசில் எங்களுக்குப் பேச்சு தனியாகக் கேட்கிறது. உங்கள் ஐயாயிரத்துக்குள் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டி ஓடும்போது நாங்கள் கூப்பிடுவதில்லை, அது வேறு விஷயம். டீக்கடையில் நிறுத்திவிட்டு மிஸ்டு கால் கொடுப்பார்கள்.

நான் ஆபீசுக்கு என்று எலும்பு வழியாகக் கேட்கும் வகை ஒன்று வாங்கினேன். கன்னத்து எலும்பில் அதிரும், காது திறந்தே இருக்கும், யாராவது கூப்பிட்டால் கேட்கும். ஆபீசுக்குப் பிரமாதம். பட்டறைப் பக்கம், லேலண்டு எஞ்சின் ஓடும் இடத்தில் போட்டேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. திறந்த காதுக்குள் எஞ்சின் முழுதாக நுழைகிறதே. தையல் ஹாலுக்கு அதைப் பக்கத்தில்கூட சேர்க்காதீர்கள்.

மாடிவீடு (தாம்பரம்)

சத்தமான இடத்தைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள். அமைதியான இடத்துக்கும் தனித் தொல்லை உண்டு, நான் அதில்தான் நாலு வருஷமாக இருக்கிறேன். சாஃப்ட்வேர் வேலை, வீட்டிலிருந்து.

ரப்பர் முனை வைத்து காதை இறுக்கி அடைக்கும் பட்ஸைப் போட்டு அமைதியான அறையில் அரை மணி பேசிப் பாருங்கள். உங்கள் குரலே அண்டாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மண்டைக்குள் முழங்கும். ஏஎன்சி போட்டால் இன்னும் மோசம். இரண்டாவது மீட்டிங் முடிவதற்குள் தலை வலிக்கும். உங்கள் குரலைக் கொஞ்சம் உங்கள் காதுக்கே திருப்பி அனுப்பும் 'சைட்டோன்' வசதி இருந்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால் காதை அடைக்காத, சும்மா தொங்கும் வகை போதும்.

மலிவான இஎன்சி அமைதியான இடத்தில் கெடுதல்கூடச் செய்யும். சத்தமே இல்லாதபோதும் எதையாவது வெட்டிக்கொண்டே இருக்கும், வாக்கியத்தின் முதல் எழுத்து போய்விடும். என் மேனேஜர் ஒரு மாதம் நான் திக்கிப் பேசுகிறேன் என்று நினைத்திருந்தார்.

மூன்றாவது, சீலிங் ஃபேன். நமக்குப் பழகிப்போய் அது சத்தமாகவே தெரியாது. நேர் கீழே உட்கார்ந்தால் காற்று மைக் ஓட்டையில் அடித்து, எதிரில் இருப்பவருக்குப் புயல் கேட்கும். நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டேன், சரியாகிவிட்டது.

விண்டோஸ் லேப்டாப்பில் புளூடூத் செட்டின் மைக்கைப் பிடித்தால், கேட்கும் பக்கமும் சேர்ந்து அந்தக் கால் பாதைக்கு இறங்கிவிடும். டீம்ஸ் செட்டிங்கில் மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும், ஸ்பீக்கருக்கு மட்டும் பட்ஸையும் போட்டுப் பாருங்கள். அமைதியான அறைக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. காசு செலவே இல்லை.

இடதுகாது (தஞ்சாவூர்)

நான் ஒரு காதில் கேட்கும் கருவி போட்டிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் அப்படி இன்னும் யாராவது இருந்தால்: கருவிக்கு மேல் பட்ஸ் போட முடியாது, கழற்றிப் போட்டால் கேட்காது. உங்கள் கருவியிலேயே புளூடூத் இருக்கிறதா என்று முதலில் ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள், போன் பேச்சு நேராகக் கருவிக்கே வரும். எலும்பு வழி செட்டு எல்லோருக்கும் உதவாது. வெளிக்காது, நடுக்காது வழியில் அடைப்பு என்றால் உதவும், உள்காது நரம்பில் குறை என்றால் உதவாது. எனக்கு இரண்டாவது. வாங்கி ஏமாந்தேன்.

சத்தத்தில் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். என் மில் வேலைக் காலத்தில் இதை யாரும் சொல்லவில்லை.

கட்டிங்டேபிள்

ஐயா, நன்றி. கடைசி வரி மனதில் நின்றுவிட்டது. எங்கள் நிட்டிங் ஹாலில் முப்பது வருஷமாக வேலை செய்கிறவரோடு பேச எல்லோரும் கத்தித்தான் பேசுகிறோம். சத்தம் அதிகம் என்பதால் என்று நினைத்திருந்தேன்.

மாடிவீடு அக்கா சொன்னதை நேற்றே செய்து பார்த்தேன். பையர் தானாகவே "ஆடியோ இன்று நன்றாக இருக்கிறது" என்றார். ஜெர்மன்காரர் வாயிலிருந்து பாராட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆகவே மாடி அறைக்குப் புதிதாக எதுவும் வாங்கப் போவதில்லை. இனி ஹால் மட்டும்தான் பிரச்சினை. கடையில் போய் எப்படிச் சோதிப்பது?

ஷிப்ட்முடிஞ்சுது

கடையில் சோதித்துப் பயனில்லை. கடை ஏசி அறை. கடனாக வாங்கி, நீங்கள் நிற்கும் அதே இடத்தில், பாட்டு ஓடும்போது சோதிக்க வேண்டும்.

ரெக்கார்டர் ஆப்பில் பேசிப் பார்த்து ஏமாறாதீர்கள், பல ஆப் போனின் மைக்கிலேயே பதியும், ஹெட்செட் சும்மா காதில் தொங்கும். நிஜமான கால் போட வேண்டும். நாங்கள் செய்தது இது. தாளில் எழுத்தும் எண்ணும் கலந்து பத்து வரி எழுதுங்கள். உங்கள் ஸ்டைல் நம்பர்களே போதும், எஃப், எஸ், எக்ஸ்எஸ், ஃபிஃப்டி, ஃபிஃப்டீன் எல்லாம் இருக்கட்டும். வேலை தெரியாத ஒருவரைக் கூப்பிட்டுப் படியுங்கள், அவர் எழுதட்டும். வேலை தெரிந்தவர் ஊகித்து எழுதிவிடுவார். "கேட்குதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் மரியாதைக்கு "கேட்குது" என்பார்கள்.

பட்ஸ்பிரியன்

பாட்டை நிறுத்தச் சொன்னால் முடிந்ததே?

கட்டிங்டேபிள்

பாட்டை நிறுத்தினால் டெய்லர்களும் நிறுத்திவிடுவார்கள்.

கட்டிங்டேபிள் (ஐந்து நாள் கழித்து)

சோதித்துவிட்டேன். எதிரில் எழுதியது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் தங்கை. ஓவர்லாக் லைனுக்கும் ஸ்டீம் அயர்ன் டேபிளுக்கும் நடுவில் நின்று படித்தேன்.

என் பட்ஸ்: பத்துக்கு நாலு. ஒரு வரியில் 'எக்ஸ்எஸ் 15' என்றதற்கு "அண்ணா, இங்க பாட்டுதான் வருது" என்று எழுதி வைத்திருந்தாள்.

நண்பனிடம் அவன் போனோடு சேர்த்து வாங்கிய பழைய வயர் இயர்போன், மைக்கை வாயோரம் பிடித்து: எட்டு. வயர்விசுவாசி அண்ணனுக்கு ஒரு சல்யூட்.

கொரியர் ஆபீசில் இரவல் வாங்கிய ஒற்றைக் காது குச்சி மைக்: ஒன்பது. தப்பியதும் எஃப்தான்!

ஆனால் ஒற்றைக் காதில் வேறு சிக்கல். அவளுக்கு நான் தெளிவு, எனக்கு அவள் தெளிவில்லை. மறு காது வழியாக ஹால் முழுதும் உள்ளே வருகிறது. இரண்டு காதையும் மூடும் மாடல் போட்டால் சூப்பர்வைசர் பின்னாலிருந்து கூப்பிட்டால் தெரியாது, துணி டிராலி வருவதும் தெரியாது.

செட்டுபுக்கிங்

மறு காதுக்கு மெடிக்கல் கடையில் கிடைக்கும் பஞ்சு அடைப்பான். கயிறு கட்டின மாடல் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பேசும்போது செருகு, முடிந்ததும் எடு. எங்கள் பட்டறை ஆட்கள் அப்படித்தான்.

ஷிப்ட்முடிஞ்சுது

ஒற்றைக் காதே வாங்குங்கள். குச்சி நேராக வாய்க்கு முன்னால் வேண்டாம், 'ப', 'ட' எல்லாம் குண்டு வெடிக்கும். உதட்டு ஓரத்தில், இரண்டு விரல் இடைவெளி. கீழே தாடைக்கு இறங்கிவிடாமல் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள், என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மைக்கைத் தாடைக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் "கஸ்டமருக்குக் காது கேட்கல மேடம்" என்பார்கள். இன்னொரு விஷயம், இந்த ஒற்றைக் காது வகை முன்பு போல நிறைய வருவதில்லை. ஜாப்ரா 2024ல் தன் டாக் வரிசையையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. பழைய ஸ்டாக் வாங்கினால் பேட்டரி எத்தனை வருஷம் கிடந்தது என்று பார்த்து வாங்குங்கள்.

கட்டிங்டேபிள் (ஆறு வாரம் கழித்து)

நாலாயிரத்து சொச்சத்துக்குத் தலைப்பட்டை, ஒற்றைக் காது, குச்சி மைக் வாங்கியாயிற்று. கழுத்தில் பஞ்சு அடைப்பான். முதல் இரண்டு நாள் ஹாலில் "ஹலோ, உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று கிண்டல் செய்தார்கள். இப்போது செக்கிங் இன்சார்ஜும் அதே மாடல் வாங்கியிருக்கிறார்.

கல்யாண மண்டபம் என்று யாரும் கேட்பதில்லை. ஸ்டீம் அயர்ன் 'உஸ்' என்று விடும்போது மட்டும் எதிரில் கேட்கிறதாம், அது எஸ் மாதிரியே இருப்பதால் சிப்பும் விட்டுவிடுகிறது என்று நினைக்கிறேன். அந்த டேபிளிலிருந்து நாலடி தள்ளி நிற்கிறேன். எஃப்பை இன்னும் நம்பவில்லை, "எஃப், ஃபாதர்" என்று சேர்த்தே சொல்கிறேன். நிட்டிங்காரர் இப்போது என்னைப் பார்த்ததும் "வாங்க ஃபாதர்" என்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். மைக் நுனிப் பஞ்சு முழுக்கத் துணித் தூசு ஏறி வெள்ளையாகிவிட்டது. இரண்டு நாளாகக் குரல் மந்தமாகப் போகிறதாம். கழுவலாமா?

ஷிப்ட்முடிஞ்சுது

கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி, பிழிந்து, ஒரு ராத்திரி முழுக்க உலர்த்தி மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டாதீர்கள். உங்கள் ஹாலில் மாதம் ஒன்று தேவைப்படும், பத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.